பி53 ‘பாசிட்டிவ்’ என்றால் நல்ல செய்தியா?

மதுரை பனகல் சாலையில் ஒரு பரிசோதனைக் கூடத்தின் வாசலில் நின்றபடி சித்தி மகன் தன் அம்மாவின் கட்டித் திசுவைப் பரிசோதித்த அறிக்கையை என்னிடம் நீட்டினான். “அக்கா, பி53 பாசிட்டிவ் என்று போட்டிருக்கிறார்கள். அது புற்றுநோயைத் தடுக்கிற புரதமாமே? அப்படியென்றால் அம்மாவுக்கு எதிர்ப்புச் சக்தி நன்றாக இருக்கிறது என்றுதானே பொருள்?” கல்லூரியில் விலங்கியல் நடத்துகிறவள் என்பதால் உறவினர்கள் அறிக்கைகளை என்னிடம்தான் கொண்டு வருவார்கள். இதே தவறை இதற்கு முன்பும் கேட்டிருக்கிறேன்.

டிபி53 என்ற மரபணு நம் எல்லோருடைய 17ஆம் குரோமோசோமிலும் இருக்கிறது. அது உருவாக்கும் புரதம்தான் பி53. வெயிலாலோ புகையிலையாலோ செல்லின் டிஎன்ஏ சிதைந்தால் இந்தப் புரதம் விழித்துக்கொண்டு செல் பிரிவதை நிறுத்துகிறது. பழுதைச் சரிபார்க்க அவகாசம் தருகிறது. சரிசெய்ய முடியாத செல்லை மடியவே செய்துவிடுகிறது. ஆனால் நலமான செல்லில் இந்தப் புரதம் நெடுநேரம் தங்குவதில்லை. எம்டிஎம்2 என்ற இன்னொரு புரதம் அதைப் பிடித்துப் பிடித்து அழித்துக்கொண்டே இருக்கிறது.

மாட்டுத்தாவணி பூச்சந்தையை நினைத்துப் பாருங்கள். விடியற்காலையில் வந்து இறங்கும் மல்லிகை வெயில் ஏறுவதற்குள் கைமாறிவிட வேண்டும். மாலையிலும் குவியல் குவியலாகக் கிடந்தால் வியாபாரம் எங்கோ முடங்கிவிட்டது என்றுதான் பொருள். பி53-உம் அப்படித்தான். எம்டிஎம்2-வை உருவாக்கச் சொல்லி ஆணையிடுவதே நல்ல பி53தான். பழுதான பி53-க்கு அந்த ஆணையிடும் திறன் இல்லை; அதனால் அது அழியாமல் செல்லுக்குள் தேங்குகிறது. கட்டித் திசுவில் பி53 தெரியும்படி சாயமேற்றிப் பார்க்கும்போது பெரும்பாலான புற்றுச் செல்களில் அடர்த்தியாகத் தெரிவது பல நேரங்களில் இந்தத் தேக்கம்தான். அங்கொன்றும் இங்கொன்றுமாக மங்கலாகத் தெரிந்தால் அது இயல்பு. சாயமே ஏறாமல் முற்றிலும் வெறுமையாக இருந்தாலும் பழுதுக்கான அறிகுறியாகலாம். ஆகவே ‘பாசிட்டிவ்’ என்ற ஒற்றைச் சொல்லைப் பார்த்து மகிழவும் வேண்டாம், கலங்கவும் வேண்டாம். “இது இயல்பான சாய அமைப்பா, மரபணுப் பிழையைக் காட்டும் அமைப்பா?” என்று மருத்துவரிடம் கேளுங்கள்.

டிபி53-ஐப் ‘புற்றுநோய் மரபணு’ என்று அழைப்பதும் தவறு. விஞ்ஞானிகளே அதில் சறுக்கியிருக்கிறார்கள். 1979இல் கண்டுபிடிக்கப்பட்ட இந்தப் புரதத்தைப் பத்தாண்டுகள் புற்றை வளர்ப்பது என்றே நம்பினார்கள். சோதனைக் கூடங்களில் அவர்கள் கையாண்ட மரபணுப் பிரதிகள் பழுதானவை என்பது பிறகுதான் தெரிந்தது.

சித்தி வீட்டில் அடுத்து எழுந்த பயம் வேறு. “தங்கைக்கு வரன் பார்க்கிறோமே, அவளுக்கும் இது இருக்குமா?” மனிதப் புற்றுக்கட்டிகளில் ஏறத்தாழ பாதியில் டிபி53 பிழை காணப்படுகிறது. அவற்றில் பெரும்பாலானவை அந்தக் கட்டியில் மட்டுமே உண்டானவை, பிள்ளைகளுக்குப் போவதில்லை. பிறப்பிலேயே பிழையோடு வருவது லி-ஃப்ராமெனி நோய்க்குறி. 1969இல் விவரிக்கப்பட்டது; காரணம் டிபி53 என்று 1990இல் தெரிந்தது. மிக அரிதானது. பெற்றோரில் ஒருவரிடம் இருந்தால் ஒவ்வொரு பிள்ளைக்கும் ஐம்பது சதவீத வாய்ப்பு. ஒரே குடும்பத்தில் இளவயதிலேயே எலும்பு, மூளை, மார்பகம் என்று பலவகைப் புற்று வந்திருந்தால் மரபியல் ஆலோசனையும் ரத்தப் பரிசோதனையும் அவசியம். அப்படி எதுவும் இல்லாத வீட்டில் ஒரு பெண்ணின் திருமணத்தை இந்த அறிக்கையைக் காட்டித் தள்ளிப்போடுவது அநியாயம்.

பி53-ஐ ‘அதிகரிக்கும்’ என்று சொல்லி விற்கப்படும் பொடிகளுக்குப் பணம் கொடுக்காதீர்கள். அளவுக்கு மீறி இயங்கும் பி53 கொண்ட எலிகளுக்குப் புற்று குறைந்தது. ஆனால் அவை சீக்கிரம் மூப்படைந்தன. 2002இல் வெளிவந்த ஆய்வு அது.

நம் கையில் இருப்பது இந்த மரபணு கெடாமல் பார்த்துக்கொள்வது. புகையும் வாயில் அடக்கும் புகையிலையும் இதை நேரடியாகத் தாக்குகின்றன. இன்னொன்றை உசிலம்பட்டி, திருமங்கலம் பக்கத்துக் கடலைக்காட்டுக்காரர்களுக்குச் சொல்ல வேண்டும். ஈரத்தோடு மூட்டை கட்டிய நிலக்கடலையில் பிடிக்கும் பூஞ்சை அஃப்ளாடாக்ஸின் என்ற நஞ்சை உண்டாக்குகிறது. அது கல்லீரல் செல்களில் டிபி53-இன் 249ஆம் இடத்தைக் குறிவைத்துக் கெடுக்கிறது. வறுத்தால் அந்த நஞ்சு முழுதாகப் போய்விடாது. பூஞ்சை பிடித்த பருப்பைப் பொறுக்கி எடுத்துச் செக்குக்குத் தள்ளிவிடாதீர்கள், மாட்டுக்கும் வைக்காதீர்கள். பாலின் வழியாக அது திரும்ப வீட்டுக்குள் வரும்.