ஃப்ளெம்: சளிக்கும் சாந்தத்துக்கும் ஒரே சொல் – தவிர்க்க வேண்டிய தவறுகள்

ஆங்கிலத்தில் ‘ஃப்ளெம்’ என்றால் நெஞ்சுச்சளி. எது நடந்தாலும் பதறாத குணத்துக்கும் அதே பெயர்தான். மொழிபெயர்ப்பவர்களும் மாணவர்களும் இந்தச் சொல்லில் திரும்பத் திரும்ப வழுக்குகிறார்கள்.

சளி குளிர்ச்சி, அதனால் சொல்லும் குளிர்ச்சியில்தான் பிறந்திருக்கும் என்று நினைப்பது முதல் தவறு. அது பிறந்தது நெருப்பில். கிரேக்கத்தில் ‘ஃப்ளெகெய்ன்’ என்றால் எரிதல். அதிலிருந்து வந்த ‘ஃப்ளெக்மா’ ஹோமரின் கிரேக்கக் காவியமான இலியத்தில், 21ஆம் காண்டத்தில், தீயைக் குறிக்கிறது. மருத்துவர்கள் கைக்கு வந்தபோது அது அழற்சி ஆயிற்று. பிறகு அழற்சியால் ஊறும் நீருக்குப் பெயராயிற்று. நாளடைவில் சூடு என்ற நினைப்பே கழன்றுபோய், உடம்பிலுள்ள குளிர்ந்த, ஈரமான நீரின் பெயராக நின்றுவிட்டது. நம் ‘அழற்சி’க்குள்ளும் அழல் இருக்கிறது, சுட்ட இடத்தில் நீர் கோத்துக் கொப்புளிப்பதைப் பார்த்தவர்களுக்கு இந்த நகர்வு விளங்கும்.

இந்த முரண் கிரேக்கர்களுக்கே உறுத்தியது. கி.மு. 5ஆம் நூற்றாண்டில் வாழ்ந்த கிரேக்க அறிஞர் புரோடிகஸ், எரிந்து வெந்ததைத்தான் ஃப்ளெக்மா என்று அழைத்தார். சளிக்கு ‘பிளென்னா’ என்று வேறு பெயர் வைத்தார். இதை நமக்குச் சொல்வது கி.பி. 2ஆம் நூற்றாண்டு மருத்துவர் காலென். புரோடிகஸ் சொன்னது நியாயம்தான், ஆனால் வழக்கு அவர் பக்கம் வரவில்லை.

அடுத்த தவறு ‘ஃப்ளெக்மாட்டிக்’ என்ற பெயரடையில். இது சளி பிடித்தவரைக் குறிப்பதில்லை. இரத்தம், சளி, மஞ்சள் பித்தம், கரும்பித்தம் என்று உடம்பில் நான்கு நீர்கள் உண்டு, எது மிகுகிறதோ அதன்படி குணம் அமையும் என்பது பழைய ஐரோப்பிய மருத்துவம். சளி மிகுந்தவருக்குக் கோபம் எளிதில் வராது, அசைவும் மெதுவாக இருக்கும் என்றார்கள். அந்த மருத்துவம் போய்விட்டது, குணப்பெயர் மட்டும் தங்கிவிட்டது.

அப்படியானால் எல்லா இடத்திலும் ‘சாந்தமானவர்’ என்று போட்டுவிடலாமா? கூடாது. இந்தச் சொல்லில் பாராட்டும் உண்டு, குறையும் உண்டு. புயலில் சிக்கிய கப்பலின் தலைவரைப் பற்றி வந்தால் ‘பதறாதவர்’, ‘நிதானம் இழக்காதவர்’ பொருந்தும். எத்தனை முறை கேட்டாலும் அசைந்து கொடுக்காத குமாஸ்தாவைப் பற்றி வந்தால் ‘மந்தமானவர்’. பேச்சுநடை என்றால் எருமை மாட்டின் மேல் மழை பெய்த மாதிரி என்று தாராளமாக எழுதலாம். ஆனால் குளிர்ச்சியைப் பிடித்துக்கொண்டு ‘குளிர்ந்த மனம்’ என்று எழுதிவிடாதீர்கள். தமிழில் மனம் குளிர்வது மகிழ்ச்சி, வாசகர் வேறெங்கோ போய்விடுவார்.

மற்ற ஐரோப்பிய மொழிகளிலிருந்து மொழிபெயர்க்கும்போதும் கவனம் வேண்டும். பிரெஞ்சு ‘ஃப்ளெக்ம்’ இன்று பெரும்பாலும் நிதானத்தையே குறிக்கும். ஜெர்மன் ‘ஃப்ளெக்மா’வில் மந்தம் தூக்கலாக இருக்கும், சளிக்கு அங்கே ‘ஷ்லைம்’ என்பார்கள். ஸ்பானிய ‘ஃப்ளேமா’ இரண்டையும் சுமக்கிறது.

நம் ஊரில் அதிகம் நடக்கும் தவறு, ஃப்ளெக்மாவையும் கபத்தையும் ஒன்றாக்குவது. இரண்டு மரபிலும் அது குளிர்ச்சியானது, அது மிகுந்தவர் நிதானக்காரர் என்பது உண்மைதான். ஆனால் கிரேக்கரின் கணக்கு நான்கு, நம்முடையது மூன்று. குறள் 941இல் ‘வளிமுதலா எண்ணிய மூன்று’ என்று வருவதில் மூன்றாவது ஐ, அதாவது கபம். கபத்துக்கு இன்னொரு பெயரான சிலேத்துமம், ‘ஒட்டு, தழுவு’ என்று பொருள்படும் வடமொழி வேரிலிருந்து வந்தது. இரு பொருள் ஒட்டி நிற்கும் சிலேடைக்கும் அதே வேர். அங்கே எரிதல், இங்கே ஒட்டுதல், வேர்கள் வேறு. ஃப்ளெக்மாவின் நேரான வாரிசு யுனானி மருத்துவத்தின் ‘பல்கம்’. கிரேக்கச் சொல் அரபிக்குப் போய் அந்த உருவம் பெற்று, உருது பேசுவோர் வாயில் இன்றும் சளியாகப் புழங்குகிறது.

மருத்துவ அறிக்கையில் ‘ஃப்ளெக்மன்’ என்று கண்டால் சளி என்று எழுதவே கூடாது. அது மென்திசுக்களில் பரவும் சீழ் அழற்சி. சொல்லின் பழைய சூடு அங்கே அப்படியே இருக்கிறது. குடலைப் பற்றிய அறிக்கையில் இதைச் சளி என்று பெயர்த்தால் நோயே மாறிவிடும். ‘ஃப்ளெபாட்டமி’ இந்தக் குடும்பமே இல்லை; அது இரத்தக்குழாயைக் குறிக்கும் ‘ஃப்ளெப்ஸ்’ வழி வந்தது. வடிசாலையில், ஆவியின் ஒரு பகுதியை மட்டும் குளிரவைக்கும் ‘டீஃப்ளெக்மேட்டர்’ என்ற கருவியைப் பார்த்தும் குழம்ப வேண்டாம். அந்தக் காலத்தில் காய்ச்சி வடித்தவர்கள் நீர்த்த, சத்தற்ற பகுதியை ஃப்ளெம் என்று அழைத்தார்கள். ஆவியிலிருந்து அந்த நீர்ப்பகுதியை முதலில் குளிரவைத்துத் திருப்பி அனுப்புவதால் அந்தப் பெயர்.

உச்சரிப்பில் ஒரே ஒரு தவறுதான். நடுவிலுள்ள ‘ஜி’ எழுத்து ஃப்ளெம்மில் ஒலிக்காது, ஃப்ளெக்மாட்டிக்கில் ‘க்’ என்று ஒலிக்கும். இடைக்கால ஆங்கிலத்தில் இந்தப் பெயரை ‘ஃப்ளூம்’ என்பது போல, ‘ஜி’ இல்லாமலே எழுதினார்கள். கிரேக்க வடிவத்தைக் காட்டுவதற்காகப் பிற்காலத்தில் அந்த எழுத்தைத் திரும்பச் சேர்த்தார்கள். நாக்கு பழையபடியே சொல்லிக்கொண்டிருக்கிறது.