கிட்டாருக்கு வீட்டிலேயே ஒரு பிக்கப்

தங்கச்சிமடத்தில் மைக் செட் வாடகைக்கு விடுகிறேன். சர்ச் திருவிழாவுக்கு வரும் கிட்டார், மாண்டலின் பையன்களின் புலம்பல் எப்போதும் ஒன்றுதான்: "அண்ணே, மைக் முன்னாடி அசையாம உட்கார முடியல." அவர்களுக்கு நான் செய்துகொடுப்பது இந்த பிக்கப்: வாத்தியத்திலேயே ஒட்டி, அதன் ஓசையை ஒயர் வழியே மிக்சருக்கு அனுப்பும் சின்ன வில்லை.

எலக்ட்ரானிக்ஸ் கடையில் 27 மில்லிமீட்டர் பீசோ டிஸ்க் கேளுங்கள். பித்தளை வில்லை, நடுவில் வெள்ளையாகப் பீங்கான். அதிர்வைத்தான் மின்சாரமாக்குகிறது, காந்தம் இல்லை. அதனால் இரும்பு இல்லாத நைலான் தந்திக்கும் ஒத்துவரும்.

ஷீல்டு ஒயரின் உள்கம்பியை வெள்ளையிலும் வெளிப்பின்னலைப் பித்தளையிலும் பற்றவையுங்கள். வெள்ளைமேல் இருக்கும் பூச்சு மெல்லியது. சூட்டுக்கோலை ஓரிரு நொடிக்கு மேல் வைத்தால் உரிந்துவிடும். பித்தளையை முதலில் உப்புத்தாளால் தேய்த்தால் ஈயம் நன்றாகப் பிடிக்கும்.

எங்கள் ஊர் உப்புக்காற்றில் பித்தளை சீக்கிரம் களிம்பேறும். ஆகவே இருபுறமும் அரால்டைட் பசையை மெல்லிசாகத் தடவிக் காயவிடுங்கள். அப்புறம் வெள்ளைப் பக்கத்துக்கு மேல் செம்பு டேப்பை ஒட்டி, அதை வெளிப்பின்னலோடு சேர்த்துவிடுங்கள். பந்தலில் சீரியல் செட் எரியும்போது வரும் 'கொர்' இரைச்சல் பெருமளவு அடங்கும்.

ஒட்டும் இடம்தான் முக்கியம். கிட்டாரில் பிரிட்ஜுக்கு நேர் கீழே, உட்புறம். மாண்டலினில் குதிரையின் (அதன் பிரிட்ஜின்) காலுக்குப் பக்கத்தில், மேல்பலகையில். முதலில் டேப் போட்டு நாலு இடத்தில் வைத்துக் கேளுங்கள். பிடித்த இடத்தில் சூப்பர் க்ளூ. மெத்தென்ற டேப்பிலேயே விட்டால் கணீர் என்ற ஓசையை அது விழுங்கிவிடும்.

இனி, பலரும் கோட்டைவிடும் இடம். டிஸ்கை நேராக மிக்சரின் லைன் இன்புட்டில் செருகினால் தகர டப்பா மாதிரி கேட்கும். டிஸ்கின் கெபாசிட்டன்ஸ் (மின்சாரத்தைத் தேக்கும் அளவு) சுமார் 20 நானோ ஃபாரட், மிக்சர் இன்புட்டின் மின்தடை 10 கிலோ ஓம் என்றால், 800 ஹெர்ட்ஸுக்குக் கீழே உள்ள ஓசை தேயத் தொடங்கும். கிட்டாரின் தடித்த தந்தியோ 82 ஹெர்ட்ஸ். இன்புட் 1 மெகா ஓம் ஆனால் அந்த எல்லை 8 ஹெர்ட்ஸுக்கு இறங்கிவிடும். கிட்டார் ஆம்ப் இருந்தால் அதிலேயே செருகலாம். இல்லையென்றால் 9 வோல்ட் பேட்டரியில் ஓடும் ஒரு ஜேஃபெட் பஃபரை (இன்புட் மின்தடை அதிகமுள்ள சின்ன டிரான்சிஸ்டர் சர்க்யூட்) நடுவில் போடுங்கள்.

ஒயர் செருகும் ஜாக்குக்காக வாத்தியத்தின் உடம்பில் துளை போட மனம் வராவிட்டால், ஒயரைச் சவுண்ட் ஹோல் வழியாக வெளியே எடுங்கள். ஒயரை உள்ளே ஒரு இடத்தில் ஒட்டிவிடுங்கள். ஆடினால் அந்தத் தட்டலும் ஸ்பீக்கரில் கேட்கும்.