படிக்கிற ஃபைலிலேயே எழுதப் போகிறீர்களா?

லினக்ஸில் ஒரு பெயர்ப் பட்டியலை வரிசைப்படுத்தி அதே ஃபைலில் சேமிக்கலாம் என்று, சார்ட் (sort) கட்டளைக்குப் பின்னால் > குறி (வெளியீட்டை ஃபைலுக்கு அனுப்புவது) போட்டு அதே ஃபைலின் பெயரைக் கொடுத்தேன். திறந்து பார்த்தால் 0 பைட். பட்டியல் மொத்தமும் போச்சு!

தப்பு சார்ட்டுடையது அல்ல. > குறியைக் கண்டதும் ஷெல் (நாம் தட்டும் கட்டளைகளை வாங்கி இயக்கும் புரோகிராம்) முதலில் அந்த ஃபைலைக் காலி செய்துவிடும். அப்புறம்தான் கட்டளையே ஓடத் தொடங்கும். படிக்க அங்கே என்ன மிச்சம் இருக்கும்? சார்ட்டுக்கு -ஓ (-o) என்ற ஆப்ஷன் இருக்கிறது. அது முழுவதையும் படித்து முடித்த பிறகே எழுதும் என்பதால் அதே பெயரைத் தைரியமாகக் கொடுக்கலாம்.

பைத்தான் நிரல்மொழியிலும் இதே கதைதான். எழுதுவதற்கான 'டபிள்யூ' (w) மோடில் திறந்த நொடியே ஃபைல் காலி. படிக்கவும் எழுதவும் உதவும் 'ஆர்+' (r+) மோடு காலி செய்யாது. ஆனால் தொடக்கத்திலிருந்து எழுதும் புதிய உள்ளடக்கம் பழையதைவிடச் சிறியதாக இருந்தால், பழையதன் வால் கடைசியில் ஒட்டிக்கொண்டு நிற்கும். எழுதி முடித்ததும் ட்ரங்கேட் (truncate) ஃபங்ஷனைப் போட்டு அதை வெட்டிவிட வேண்டும்.

சரி, எது பத்திரம்? அதே ஃபோல்டரில் ஒரு தற்காலிக ஃபைலில் எழுதுங்கள். எழுதி மூடிய பிறகு பைத்தானின் ஓஎஸ் (os) மாட்யூலில் உள்ள ரீப்ளேஸ் (replace) ஃபங்ஷனால் பழைய பெயருக்கு மாற்றுங்கள். லினக்ஸில் இந்தப் பெயர்மாற்றம் ஒரே வீச்சில் நடக்கும். நடுவில் புரோகிராம் நின்றுபோனாலும் பழைய ஃபைல் அப்படியே இருக்கும். தற்காலிக ஃபைல் வேறு டிஸ்கில் இருந்தால் மட்டும் இது வேலை செய்யாது, பிழைதான் வரும்.