ஹூக்ளியில் நீராவிப் படகின் தடம் பார்ப்பது எப்படி

கொல்கத்தாவுக்கு யார் வந்தாலும் நான் முதலில் ஆற்றுக்குத்தான் கூட்டிப்போவேன். லேக் மார்க்கெட்டில் குடியிருந்து இத்தனை வருடத்தில் பழகியது இது.

ஹூக்ளி தினமும் இரண்டு முறை ஏறும், இரண்டு முறை வற்றும். ஏற்றத்தை ஜோயார், வற்றத்தை பாட்டா என்பார்கள். முந்தின நாளே படித்துறையில் படகுக்காரரிடம் நேரம் கேட்டுவையுங்கள். ஜோயார் தொடங்க அரைமணி இருக்கும்போதே பிரின்செப் படித்துறையில் போய் உட்கார்ந்துவிட வேண்டும்.

அப்புறம் மிதந்து வரும் ஆகாயத்தாமரைக் கொத்து ஒன்றில் கண்ணை வையுங்கள். தெற்கே கடலை நோக்கிப் போகும், தயங்கி நிற்கும், பிறகு வந்த வழியே திரும்பும். இதைப் பார்க்காமல் கிளம்பாதீர்கள். என் அக்கா பேரன் அசையாமல் உட்கார்ந்திருந்தது அந்த நேரத்தில் மட்டும்தான். அந்தக் காலத்தில் காற்றும் இந்த ஓட்டமும் ஒத்துவராதபோது பாய்மரக் கப்பல்கள் ஆற்றிலேயே நங்கூரம் போட்டுக் காத்துக் கிடந்தன. கடலிலிருந்து நகரம் வரை நூற்றைம்பது கிலோமீட்டருக்கு மேல், வழியெல்லாம் மணல்திட்டு. அந்தக் கப்பல்களைக் கட்டி இழுத்துவர நீராவி இழுவைப் படகுகள் வந்தன. தாகூரின் தாத்தா துவாரகநாத் அந்தத் தொழிலில் இறங்கியவர். கொதிகலனுக்குக் கரி வேண்டுமே! 1836-இல் ராணிகஞ்ச் சுரங்கத்தையே வாங்கினார். அந்தக் கரி அப்போது தாமோதர் ஆற்றில் மழைக்காலத்தில்தான் படகேறி வந்தது. மற்ற மாதங்களில் தண்ணீர் போதவில்லை. கரிப்படகு வந்த அந்தப் பருவத்தில் ஆற்றைப் பார்க்க ஆகஸ்ட்டில் வாருங்கள். குடை அவசியம்.

படித்துறையிலிருந்தே தெற்கே திரும்பிப் பாருங்கள். அந்தப் பக்கம் கிதர்பூர். 1823-இல் டயானா நீராவிப் படகு அங்கேதான் நீரில் இறங்கியது. மறுவருடமே பர்மா போருக்குப் போய்விட்டது. 1825-இல் இங்கிலாந்திலிருந்து என்டர்பிரைஸ் என்ற நீராவிக் கப்பல் வந்தது. 70 நாளில் வரும் என்று எதிர்பார்த்தார்கள்; நூறு நாளுக்கு மேல் ஆனது. வழியில் பல நாள் பாய்தான் இழுத்தது என்றாலும், அது வந்து சேர்ந்ததை நான் பெரிய காரியமாகவே நினைக்கிறேன்.

சரி, இனி பாபுகாட் வரை நடந்து ஹௌரா ஃபெர்ரியில் ஏறுங்கள். உள்ளே உட்காராமல் ஓரமாக நில்லுங்கள். கரை நெருங்கும்போது படகு எந்தப் பக்கம் மூக்கைத் திருப்புகிறது என்று கவனியுங்கள். ஓட்டத்தை எதிர்த்து நின்றுதான் அது துறையில் அணையும்.