மாசுக்கு வரி, நகருக்கு நிதி: போடும் முன் பார்க்க வேண்டிய கணக்கு

மாசுக்கு வரி போட்டு, அந்தப் பணத்தில் நகரைச் சீராக்கும் யோசனைக்கு உள்ளேயே ஒரு முரண் இருக்கிறது. வரி நன்றாக வேலை செய்தால் மாசு குறையும். மாசு குறைந்தால் வசூலும் குறையும். வசூல் கொஞ்சமும் குறையாமல் வந்துகொண்டிருந்தால், வரி யாருடைய பழக்கத்தையும் மாற்றவில்லை என்று பொருள். இதைப் பார்க்காமல், சுருங்கப்போகும் வருமானத்தை நம்பி நிரந்தரச் சம்பளத்தையும் முப்பது ஆண்டுக் கடனையும் ஏற்றிக்கொள்ளும் நகராட்சிதான் பின்னால் மாட்டிக்கொள்கிறது.

ஆகவே முதல் வேலை, போடப்போவது எந்த வகை வரி என்று முடிவு செய்வது. அயர்லாந்து 2002 மார்ச்சில் பிளாஸ்டிக் பை ஒன்றுக்கு 15 சென்ட் வரி விதித்தது. ஆண்டுக்கு ஆளுக்குச் சுமார் 328 பைகள் என்றிருந்த பயன்பாடு 21 ஆகச் சரிந்தது. பழக்கத்தை மாற்றும் வரி என்ற அளவில் இது அருமையான வெற்றி. ஆனால் இதை நம்பி ஒரு பேருந்துப் பணிமனைகூடக் கட்ட முடியாது. மறுபக்கம், இங்கிலாந்தின் நாட்டிங்காம் 2012இல் அலுவலக வாகன நிறுத்துமிடங்களுக்கு வரி போட்டது. 11 அல்லது அதற்கு மேல் இடங்கள் வைத்திருக்கும் முதலாளிகள் இடத்துக்கு இவ்வளவு என்று கட்ட வேண்டும். நிறுத்துமிடங்கள் ஒரே இரவில் மறைவதில்லை. வசூல் சீராக வந்தது. 2015இல் திறந்த டிராம் தடங்களுக்கு அந்தப் பணமும் போனது. முதல் வகைக்கு வரும் பணத்தை உபரியாக வையுங்கள். கட்டுமானத்துக்கு இரண்டாவது வகையைத் தேடுங்கள்.

அதிகாரம் இருக்கிறதா என்று சட்டப் பிரிவிடம் எழுத்தில் வாங்குவது அடுத்தது. பல நாடுகளில் நகராட்சி நினைத்த வரியைப் போட முடியாது. மேலே ஒரு சட்டம் அனுமதித்திருக்க வேண்டும். சுவீடன் தலைநகர் ஸ்டாக்ஹோமின் நெரிசல் வரி (நகரின் மையப் பகுதிக்குள் போய்வரும் வண்டிகளுக்கான வரி) சட்டப்படி மத்திய அரசின் வரியாகவே விதிக்கப்படுகிறது. ‘வரி’ என்று சொல்வதா ‘கட்டணம்’ என்று சொல்வதா என்பதும் வெறும் பெயர் விஷயம் இல்லை. கட்டணம் என்றால், கொடுக்கும் சேவைக்கும் வாங்கும் தொகைக்கும் தொடர்பைக் காட்ட வேண்டும். காட்டாவிட்டால் நீதிமன்றத்தில் விழும்.

முதல் முறை இறங்கும் நகருக்கு மழைநீர் வடிகால் கட்டணமே நல்ல தொடக்கம். ஜெர்மனியின் நகரங்களில் கழிவுநீருக்குத் தனி, மழைநீருக்குத் தனி என்று கட்டணத்தைப் பிரித்து, மழைநீர்ப் பங்கை, மனையில் கூரை, தளம் போன்ற நீர் புகாத பரப்பை வைத்துக் கணக்கிடுகிறார்கள். காரணம் எளிது: 1 சதுர மீட்டர் கூரையில் 1 மில்லிமீட்டர் மழை பெய்தால் 1 லிட்டர். 200 சதுர மீட்டர் கூரையும் தளமும் உள்ள மனையில் 50 மில்லிமீட்டர் கொட்டினால் 10,000 லிட்டர். அதில் ஏறக்குறைய பத்தில் ஒன்பது பங்கு தெருவுக்குத்தான் வரும். அதே அளவு வெறும் மண் தரை அதில் பெரும்பகுதியைக் குடித்துவிடும். யார் சுமையை உண்டாக்குகிறாரோ அவர் கட்டுகிறார் என்பதை எந்தக் கூட்டத்திலும் இரண்டு நிமிடத்தில் விளக்கிவிடலாம்.

விகிதத்தை இப்படிப் போடுங்கள். வடிகால் பராமரிப்பு, குளம் தூர்வாருதல், புதிய வேலைகளின் தவணை எல்லாம் சேர்ந்து ஆண்டுக்கு 6 கோடி, நகரின் நீர் புகாத பரப்பு 3 கோடி சதுர மீட்டர் என்று வைத்துக்கொண்டால், சதுர மீட்டருக்கு 2 என்று தோன்றும். அது தவறு. தள்ளுபடியும் பாக்கியும் சேர்ந்து 25 சதவீதம் போகுமென்றால் கைக்கு வரும் பரப்பு 2.25 கோடிதான், விகிதம் 2.67 ஆக இருக்க வேண்டும். இந்த வித்தியாசத்தை முதல் ஆண்டிலேயே சேர்க்காமல், இரண்டாம் ஆண்டில் விகிதத்தை உயர்த்துவது அரசியல் தற்கொலை.

பரப்பை வான்படத்திலிருந்து அளந்து, பில் அனுப்புவதற்கு முன் வரைவு அளவை உரிமையாளருக்கு அனுப்புங்கள். திருத்தம் கோர 60 நாள் கொடுங்கள். மரக்கிளை மறைத்த கூரையும், இடித்துவிட்ட கொட்டகையும் அப்போதே சரியாகிவிடும். நேராகப் பில் போனால் இவை ஒவ்வொன்றும் ஒரு வழக்கு. சின்ன வீடுகளை ஒவ்வொன்றாக அளக்கும் செலவு வசூலைவிட அதிகமாகிவிடும் என்பதால், அவற்றுக்கு மூன்று கட்டணப் படிநிலைகள் போதும். பெரிய வளாகங்களுக்கு மட்டும் துல்லிய அளவு.

தள்ளுபடியில் ஒரு பொறி உண்டு. மழைநீர்த் தொட்டி வைத்தாலே தள்ளுபடி என்று எழுதிவிட்டால், மழைக்காலம் முழுவதும் நிரம்பியே நிற்கும் தொட்டிக்கும் பணம் போகும். நிரம்பிய தொட்டி ஒரு சொட்டுக்கூடப் பிடிப்பதில்லை. வழியும் நீர் மண்ணில் இறங்கும் உறிஞ்சுகுழியோடு தொட்டி இணைந்திருந்தால் மட்டும் தள்ளுபடி கொடுங்கள்; சில ஆண்டுகளுக்கு ஒருமுறை நேரில் பார்த்துப் புதுப்பியுங்கள், ஏனென்றால் உறிஞ்சுகுழியும் வண்டல் அடைத்துச் செத்துப்போகும்.

இனி வருமான முன்கணிப்பு. வசூல் ஆண்டுக்கு 8 சதவீதம் சுருங்கினால், இன்று 100 வரும் இடத்தில் 5 ஆண்டுகள் கழித்து 66, 10 ஆண்டுகள் கழித்து 43 வரும். பத்தாண்டுக் கடன் வாங்கினால் தவணையை 100ஐ வைத்துத் தீர்மானிக்காதீர்கள், 43ஐ வைத்துத் தீர்மானியுங்கள். அதிலும் பாதுகாப்புக்காக 1.3ஆல் வகுத்தால் 33. அசலும் வட்டியும் சேர்ந்த ஆண்டுத் தவணை அதற்கு மேல் போகக் கூடாது. தொடக்க ஆண்டுகளில் கையில் மிஞ்சும் பணத்தை, ஒருமுறை செய்தால் முடிந்துவிடும் வேலைகளுக்குச் செலவிடுங்கள்: நடைபாதை, சைக்கிள் தடம், பள்ளிக் கட்டடங்களின் கூரை, தெருவிளக்கு மாற்றம்.

வசூலுக்கு ஆகும் செலவையும் மறக்கக் கூடாது. லண்டன் 2003 பிப்ரவரியில் நாளொன்றுக்கு 5 பவுண்டு நெரிசல் கட்டணத்தைத் தொடங்கியபோது, கேமரா, பதிவெண் சரிபார்ப்பு, அபராத நடவடிக்கை ஆகியவை முதல் ஆண்டுகளில் வசூலில் கணிசமான பங்கை விழுங்கின. மொத்த வசூலை அறிவித்துவிட்டுக் கடைசியில் நிகரத்தை, அதாவது செலவு போக மிஞ்சுவதைக் காட்டினால் நம்பிக்கை போய்விடும். முதல் நாளிலிருந்தே நிகர எண்ணை மட்டும் பேசுங்கள்.

வந்த பணத்துக்குத் தனிக் கணக்கு வேண்டும் என்று எல்லோரும் சொல்வார்கள். அது மட்டும் போதாது. தனிக் கணக்கில் 50 கோடி வந்ததும், நிதித்துறை பொதுக் கணக்கிலிருந்து பேருந்துக்குக் கொடுத்துவந்த 50 கோடியைச் சத்தமில்லாமல் வெட்டிவிடும். தணிக்கையில் குற்றம் எதுவும் தெரியாது. நகருக்கு ஒன்றும் கூடியிருக்காது. ஆகவே தீர்மானத்தில் இரண்டு வாக்கியங்கள் இருக்க வேண்டும்: பணம் இன்னின்ன வேலைக்கு மட்டும், அந்த வேலைகளுக்குப் பொதுக் கணக்கிலிருந்து கடந்த மூன்று ஆண்டுகளின் சராசரிக்குக் குறையாமல் ஒதுக்கீடு தொடர வேண்டும். இரண்டாவது வாக்கியத்தைத்தான் எதிர்ப்பார்கள். விட்டுக்கொடுக்காதீர்கள்.

வேலைகளை எந்த வரிசையில் செய்வது என்பதும் முக்கியம். ஸ்டாக்ஹோமில் 2005 ஆகஸ்டில் கூடுதல் பேருந்துகள் ஓடத் தொடங்கின; கட்டணச் சோதனை 2006 ஜனவரியில்தான் வந்தது. ஜூலை முடிய நடந்த சோதனையில் கட்டணப் பகுதியின் எல்லை வளையத்தைக் கடக்கும் போக்குவரத்து ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு குறைந்தது. மக்கள் அதைக் கண்ணால் பார்த்த பிறகு செப்டம்பரில் வாக்களித்தார்கள். 2007 ஆகஸ்டில் வரி நிரந்தரமானது. பிரிட்டனின் எடின்பரோவில் 2005இலும் மான்செஸ்டரில் 2008இலும், எதையும் அனுபவிக்கும் முன்பே நெரிசல் கட்டணம் பற்றி வாக்கெடுப்பு நடந்தது. இரண்டிலும் பெரும் வித்தியாசத்தில் தோல்வி. மாற்று வழி முதலில், வரி பிறகு, வாக்கெடுப்பு அதற்கும் பிறகு.

வழக்கமாகக் கெட்டுப்போகும் இடங்கள் சில. நெரிசல் வரிப் பகுதியின் எல்லைக் கோட்டுக்கு வெளியே உள்ள தெருக்களில் வண்டிகளை நிறுத்திவிட்டு நடந்து போவார்கள். அங்கே குடியிருப்போர் அனுமதி முறையை முன்கூட்டியே கொண்டுவராவிட்டால், வரி கட்டாதவர்களே முதல் எதிரிகள் ஆவார்கள். குப்பையை எடைக்கோ பைக்கோ கணக்கிட்டால் அடுத்தவர் மனையிலும் ஓடைக்கரையிலும் கொட்டுவது கூடும். மக்கும் குப்பையையும் பழைய தாள், பாட்டிலையும் இலவசமாக எடுக்கும் வண்டி அதற்கு முன்பே ஓடிக்கொண்டிருக்க வேண்டும்.

விலக்குகள் இன்னொரு ஓட்டை. ஏழைகளுக்கு, டாக்சிக்கு, சரக்கு வண்டிக்கு, அரசு வாகனத்துக்கு என்று பட்டியல் நீண்டால் மிஞ்சியவர்கள் தலையில் விகிதம் ஏறும். விலக்கைவிட, வசூலில் ஒரு பங்கைக் குறைந்த வருமானக் குடும்பங்களுக்குப் பணமாகவோ பேருந்துப் பயண அட்டையாகவோ திருப்பிக் கொடுப்பது மேல். வரியின் அடிப்படை சிதையாது, உதவியும் போய்ச் சேரும்.

விகிதம் உயரும் அட்டவணையை ஐந்து ஆண்டுகளுக்கு முன்கூட்டியே வெளியிடுங்கள். பிரிட்டனின் குப்பைக்கிடங்கு வரி 1996இல் டன்னுக்கு 7 பவுண்டாகத் தொடங்கி, படிப்படியாக ஏறி, இன்று 100 பவுண்டைத் தாண்டிவிட்டது. உயர்வு வரப்போவது தெரிந்திருந்தால்தான் மறுசுழற்சி ஆலைக்கு ஒருவர் முதல் போடுவார். அட்டவணையோடு ஒரு நிபந்தனையும் சேர்க்கலாம்: வசூல் கணிப்பைவிடத் தொடர்ந்து இரண்டு ஆண்டு 15 சதவீதத்துக்கு மேல் விலகினால், விகிதமும் செலவுத் திட்டமும் ஒரே கூட்டத்தில் மறுபரிசீலனைக்கு வரும். ஒன்றை மட்டும் எடுத்துப் பேசினால், குறையும் வசூலை ஈடுகட்ட விகிதத்தை ஏற்றுவதும், வேலைகளைப் பாதியில் நிறுத்துவதும் மாறி மாறி நடக்கும்.