மவுண்டன் பைக் ஹப் பேரிங் மாத்தப் போறீங்களா, ஒரு நிமிஷம்

வீலை பக்கவாட்டுல பிடிச்சு ஆட்டுனா லொடலொடன்னு ஆடுதா, இல்ல கழட்டி வச்சு ஆக்சில விரலால சுத்துனா மணல் மாட்டுன மாதிரி நறநறங்குதா, அப்ப ஹப்புக்குள்ள, அதாவது வீலோட நடுப்பகுதியில இருக்குற பேரிங் போயிருச்சு, கிரீஸ் தடவியெல்லாம் காப்பாத்த முடியாது. (மொத்தமா ஒரே துண்டா கழட்டி மாத்துற கார்ட்ரிட்ஜ் பேரிங்குக்கு சொல்றேன், குண்டுங்க தனித்தனியா இருக்குற கப் கோன் ஹப்னா அது வேற கதை.)

சீல் மேலயே நம்பர் இருக்கும், 6902 2ஆர்எஸ்னா உள்விட்டம் 15, வெளிவிட்டம் 28, அகலம் 7 மில்லிமீட்டர், ரெண்டு பக்கமும் ரப்பர் சீல். அந்த நம்பர சொல்லியே வாங்கிக்கலாம். பழச உள்பக்கத்துலேர்ந்து சுத்திச் சுத்தி தட்டுங்க, ஒரே இடத்துல அடிச்சா கோணிக்கிட்டு மாட்டிக்கும். பிரேக் டிஸ்க்க முதல்லயே கழட்டிருங்க, அதுல கிரீஸ் பட்டா பிரேக் பிடிக்காது.

புதுச போடுறப்பதான் சொதப்பல். அழுத்தம் வெளி வளையத்துல மட்டும் விழணும், உள் வளையத்துல தட்டுனா அந்த அடி குண்டுங்க வழியா போயி ஓடுற தடத்துல பள்ளம் விழுந்துரும், முதல்தடவ நான் அப்படித்தான் புதுசு ஒண்ண அன்னிக்கே காலி பண்ணேன். வெளி வளைய அளவுக்கு ஒரு சாக்கெட் (நட்டு கழட்டுற செட்ல வர்ற உருளை), நீள போல்ட், நட் வச்சு மெதுவா இறுக்குங்க, நேரா உள்ள போயிரும், சுத்தியல் பக்கமே போக வேணாம்.