ஒரு விளையாட்டாளரைப் பற்றித் தீர்ப்புச் சொல்வதற்கு முன்

கோலாலம்பூர் செந்தூலில் ஒரு பொது மண்டபத்தில் ஞாயிற்றுக்கிழமை மாலைகளில் பிள்ளைகளுக்குப் பூப்பந்து சொல்லிக்கொடுக்கிறேன். 2014 நவம்பரில் மலேசியப் பூப்பந்து நட்சத்திரம் டத்தோ லீ சோங் வெய்யின் ஊக்கமருந்துச் செய்தி ஊரெல்லாம் பேச்சாக இருந்த வாரம், வலையைக் கட்டிக்கொண்டே சொன்னேன்: "மருந்து சாப்பிட்டுத்தான் ஆடியிருக்கிறார். இனிமேல் அவரைப் பார்த்துக் கத்துக்காதீங்க." பதினொரு வயதுப் பையன் ஒருவன் தன் பையில் தொங்கிய சாவிக்கொத்தைக் கழற்றினான். அதில் சோங் வெய்யின் படம் இருந்தது. கால்சட்டைப் பைக்குள் போட்டுக்கொண்டு ஒன்றும் பேசாமல் ஆடப் போனான்.

ஐந்து மாதம் கழித்துத் தீர்ப்பு வந்தது. நான் சொன்னது தப்பு. ஆனால் அதற்குள் அந்தக் குடும்பம் கிள்ளானுக்கு வீடு மாறிவிட்டது. அவனிடம் திருத்திச் சொல்ல முடியாமல் போனது இன்றைக்கும் உறுத்துகிறது. அன்று நான் செய்த தவறுகளை மற்றவர்களும் அடிக்கடி செய்வதைப் பார்க்கிறேன்.

முதல் தவறு, உடம்பில் மருந்து இருந்தது என்றாலே ஏமாற்றினார் என்று முடிவு கட்டுவது. 2014 ஆகஸ்டில் கோப்பன்ஹேகனில் நடந்த உலகப் போட்டியில் சோங் வெய்யிடம் எடுத்த சிறுநீர் மாதிரியில் டெக்ஸாமெத்தசோன் இருந்தது. பெயரைக் கேட்டால் பயமாக இருக்கும். வீக்கத்தையும் வலியையும் குறைக்க டாக்டர்கள் கொடுக்கும் ஸ்டீராய்டு வகை மருந்து அது. தசையைப் பெருக்க ஊசி போட்டுக்கொள்கிறார்களே, அந்த ஸ்டீராய்டு வேறு. இது போட்டிக் காலத்தில் தடைசெய்யப்பட்டது. மற்ற நேரத்தில் தடையில்லை.

இங்கேதான் விதியைப் புரிந்துகொள்ள வேண்டும். ஊக்கமருந்து விதியின்படி, உடம்பில் எது இருந்தாலும் அதற்கு ஆட்டக்காரரே பொறுப்பு. தெரிந்து சாப்பிட்டாரா, தெரியாமல் உள்ளே போனதா என்பது அடுத்த கேள்வி. தண்டனை எவ்வளவு என்பதை அந்தக் கேள்விதான் தீர்மானிக்கும். ஆகவே 'விதியை மீறினார்' என்பதும் 'ஏமாற்றினார்' என்பதும் ஒன்றல்ல. நான் இரண்டையும் ஒன்றாக்கிப் பேசிவிட்டேன்.

இன்னொன்று, வழக்கு எந்தக் கட்டத்தில் இருக்கிறது என்று பார்க்காமல் பேசுவது. எடுத்த மாதிரியை ஏ, பி என்று இரண்டு பாட்டிலில் பிரித்து வைப்பார்கள். ஏ பாட்டிலில் தடயம் கிடைத்தால், பி பாட்டிலைத் திறந்து சரிபார்க்கச் சொல்லும் உரிமை ஆட்டக்காரருக்கு உண்டு. சோங் வெய்யின் பி மாதிரி நவம்பரில் ஓஸ்லோவில் சோதிக்கப்பட்டது. அதுவும் அதையே காட்டியது. அப்போது வந்தது தற்காலிகத் தடை மட்டும்தான். விசாரணையே 2015 ஏப்ரலில்தான் ஆம்ஸ்டர்டாமில் நடந்தது. நான் தீர்ப்புச் சொன்னது அதற்கெல்லாம் முன்னால்.

விசாரணைக் குழு என்ன முடிவுக்கு வந்தது தெரியுமா? அவர் சாப்பிட்டுவந்த கோர்டிசெப்ஸ் என்ற சீன மூலிகைக் குளிகையின் ஜெலட்டின் கூட்டிலிருந்து மருந்து உள்ளே போயிருக்கிறது. தூளில் இல்லை, கூட்டில். செய்தியைப் படித்த இரவு எங்கள் வீட்டிலிருந்த மஞ்சள் குளிகை ஒன்றை எடுத்து இரண்டாகப் பிரித்துப் பார்த்தேன். தூள் தட்டில் கொட்டியது. விரலில் மிஞ்சியது வெங்காயத் தோலைப்போல மெல்லிய கூடு. நாக்கில் வைத்ததும் ஒட்டிக்கொண்டு கரையத் தொடங்கியது. அதுவும் வயிற்றுக்குள் போகிற ஒரு பொருள்தான் என்று அதுவரை நான் நினைத்ததே இல்லை.

எட்டு மாதத் தடை. முந்தைய ஆகஸ்டிலிருந்தே கணக்கிட்டதால் மே 1ஆம் தேதி அது முடிந்தது. உடனே எதிர்ப்பக்கத் தவறும் கிளம்பியது. "பார்த்தியா, அவர் மேல ஒரு குத்தமும் இல்ல" என்று மாமாக் உணவுக் கடைகளில் கொண்டாடினார்கள். அதுவும் சரியில்லை. ஏமாற்றும் எண்ணம் இல்லை என்றுதான் குழு சொன்னது. கவனக்குறைவு இருந்தது என்றும் சேர்த்தே சொன்னது. உலகப் போட்டியின் வெள்ளிப் பதக்கம் பறிபோனது. பிடித்தவர் என்பதற்காகத் தீர்ப்பில் பாதியை மட்டும் படிப்பதும் அவசர முடிவுதான்.

அப்புறம், சங்கத்தை விட்டு வெளியேறுகிறவரை நன்றி கெட்டவர் என்பது. மலேசிய ஆட்டக்காரர் லீ ஸி ஜியா 2021இல் டென்மார்க்கின் ஆக்ஸல்சனை வென்று அகில இங்கிலாந்துப் பட்டம் எடுத்தபோது தலையில் தூக்கிவைத்து ஆடினோம். 2022 ஜனவரியில் தேசிய அணியிலிருந்து விலகியதும், பயிற்சிக்குப் பிள்ளையைக் கூட்டிவரும் ஒருவர் என்னிடம், "அண்ணே, சோறு போட்டு வளர்த்த சங்கம். பேரு வந்ததும் கம்பி நீட்டிட்டான் பாருங்க" என்றார். மலேசியப் பூப்பந்து சங்கம் அவருக்கு இரண்டு ஆண்டு அனைத்துலகப் போட்டித் தடை விதித்து, சில நாட்களிலேயே அதை விலக்கிக்கொண்டது. அணியில் இருக்கும்வரை எந்தப் போட்டிக்குப் போவது, யாரிடம் பயிற்சி, யாருடைய விளம்பரச் சட்டை என்பதையெல்லாம் பெரும்பாலும் சங்கமே முடிவுசெய்யும். வெளியே வந்தால் பயிற்றுநர், விமான டிக்கெட், உடற்சிகிச்சை எல்லாச் செலவும் ஆட்டக்காரர் தலையில். இதைத் தெரிந்துகொண்டே ஒருவர் போகிறார் என்றால், கம்பி நீட்டினார் என்ற ஒரு சொல்லில் அதை அடக்க முடியாது.

அதே சமயத்தில் அதே தடைக்கு ஆளான இன்னொருவர் கோ ஜின் வெய். நம் பினாங்குப் பெண், புக்கிட் மெர்த்தாஜாம் பக்கம். 2015இலும் 2018இலும் உலக இளையோர் வெற்றியாளர். 2019இல் பெருங்குடல் அறுவைச் சிகிச்சை செய்துகொண்டவர். 'முன்ன மாதிரி ஓடமாட்டேங்குறா, சோம்பேறி' என்று நாற்காலியில் உட்கார்ந்து பேசியவர்களுக்கு அந்த உடம்பு என்ன பட்டது என்று தெரியாது. அவர் 2024 பாரிஸ் ஒலிம்பிக்வரை போய் ஆடினார்.

அந்த பாரிஸில்தான் ஸி ஜியா வெண்கலம் வென்றார். உடனே, "விலகியது சரிதான் என்று நிரூபித்துவிட்டார்" என்றார்கள். இதையும் தவிர்க்க வேண்டும். பதக்கம் வராமல் போயிருந்தாலும் விலகுவதற்கான காரணம் அதேதான். வெண்கலத்துக்கான ஆட்டத்தில் முதல் செட்டை இழந்து, அடுத்த இரண்டு செட்டில் லக்‌ஷயா சென் என்ற இந்திய ஆட்டக்காரரை வீழ்த்தினார். அங்கே இரண்டு அடி தப்பியிருந்தால் அவருடைய நியாயம் பொய்யாகிவிடுமா?

கடைசியாக ஒன்று. இதைச் சொல்லத் தயக்கமாக இருக்கிறது, ஆனாலும் சொல்ல வேண்டும். 2021இல் சுதிர்மான் கிண்ண உலக அணிப் போட்டியின் அரையிறுதியில், நம் தமிழ்ப் பெண் கிசோனா, ஜப்பானின் அகானே யமாகுச்சியிடம் தோற்றார். அரசியல் கட்சிப் பொறுப்பாளர் ஒருவர் அவரை இனத்தைச் சொல்லி இழிவாக எழுதினார். 2019 தென்கிழக்காசிய (சீ) விளையாட்டில் நாட்டுக்குத் தங்கம் வாங்கித் தந்த பெண். நம் வீடுகளில் எல்லாருக்கும் வயிறு எரிந்தது. எரியத்தான் வேண்டும். ஆனால் சோங் வெய் மூன்று ஒலிம்பிக் இறுதியிலும் தோற்றபோதும், ஸி ஜியா விலகியபோதும், நம் வாட்சாப் குழுக்களில் சீனர்களைப் பற்றி 'அவனுங்க புத்தியே அப்படித்தான்' என்று வந்ததை நான் படித்திருக்கிறேன். அழித்துவிட்டு அடுத்த செய்திக்குப் போயிருக்கிறேன். இப்போது அப்படிப் போவதில்லை. எழுதியவருக்குத் தனியாக போன் போட்டு, கிசோனா பெயரைச் சொல்லிக் கேட்கிறேன். பெரும்பாலும் அந்தப் பக்கம் கொஞ்ச நேரம் சத்தம் இருக்காது.

மண்டபத்திலும் பிள்ளைகளிடம் இதைத்தான் கேட்கிறேன். தோற்ற ஆட்டத்தைப் பற்றி எவ்வளவு வேண்டுமானாலும் பேசுங்கள்: பேக்ஹேண்ட் ஏன் வலையில் விழுந்தது, மூன்றாவது செட்டில் கால் ஏன் நகரவில்லை. ஆளைப் பற்றிப் பேச வேண்டுமென்றால், விசாரணை முடிந்துவிட்டதா என்று முதலில் கேட்டுக்கொண்டு வாருங்கள்.